மூணு தண்ணி

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஜீவராணி தன் அப்பாவின் தலையணை உறையைக்கூட விட்டுவைக்கவில்லை. கழற்றி உதறிப் பார்த்தாள். மெத்தைக்கு அடியில் பார்த்தாள். கூரைத் தகரத்துக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினாள். ஆணியில் தொங்கிய கம்பளிக் கோட்டின் பைகள் இரண்டையும் வெளியே இழுத்துப் பார்த்தாள். ஒரு பீடித் துண்டும் கிளினிக் அட்டையும் தவிர எதுவும் அகப்படவில்லை. ஹட்டனில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லித்தரும் டீச்சர், ஒரு துண்டுக் கருவாட்டைத் தேடிப் பெற்ற தகப்பனின் கட்டிலைக் கலைத்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா வெச்சிருக்கீங்க?"

"எத புள்ள?"

"உப்ப. கருவாட. மிக்ஸர் பக்கட்ட. என்னத்தையோ ஒளிச்சு வெச்சுத் திங்கிறீங்க. ஒங்க காலப் பாருங்க."

அழகுமுத்து காலைப் பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு கணுக்கால்களும் இருந்த இடம் தெரியாமல் போயிருந்தன. ஜீவராணி குனிந்து பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி மேலெழும்பாமல் அப்படியே கிடந்தது.

"மாரியாத்தா மேல சத்தியமா நான் ஒண்ணும் ஒளிக்கல புள்ள" என்றார் அவர். 

"அவரு ஒளிச்சுத் திங்கிற ஆளு இல்ல ராணி!" என்று அடுப்படியிலிருந்து அம்மா காளியாயியின் குரல் வந்தது. "பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு வெத்தல போடத் தெரியாத மனுசன். அவரப் போயி சந்தேகப்படுறியே."

"அப்பிடின்னா உப்பு ஆகாயத்துலேருந்தா வருது?"

 ஜீவராணிக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. அவள் அன்று அப்பாவை என்னென்னவோ பேசிவிட்டாள். சின்னப் பிள்ளை என்றாள். எங்களை அநாதையாக விட்டுவிட்டுப் போக ஆசையா என்றாள். இந்த வயதிலும் வாயைக் கட்டத் தெரியாதா என்றாள். அழகுமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வட்டகொடைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் அழகுமுத்துவைத் தெரியாதவர்கள் இல்லை. பெக்டரியில் தேயிலை காயவைக்கும் பெரிய அடுப்புக்கு முப்பத்தொரு வருஷம் விறகு போட்டவர். கொழுந்து பச்சையாக உள்ளே போகும், தூளாக வெளியே வரும். நடுவில் அதிலிருக்கும் தண்ணீரைத் துரத்துகிற வேலை அவருடையது. ஓய்வு பெற்ற பிறகும் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, நெருப்பைப் பற்றி யார் என்ன பேசினாலும் நடுவில் புகுந்து திருத்துவார். அப்படிப்பட்ட மனிதரைச் சீனி வருத்தமும் பிரஷரும் பத்து வருஷமாக உள்ளே இருந்து அரித்து, போன ஐப்பசியில் சிறுநீரகத்தில் கொண்டுபோய் நிறுத்தின.

சிறுநீரகம் செய்கிற வேலை இன்னதென்று ஜீவராணிக்கு நன்றாகத் தெரியும். வகுப்பில் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். உப்பையும் தண்ணீரையும் பிரித்து, உடம்புக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை அனுப்புவது. கைப்பிடி அளவே உள்ள இரண்டு உறுப்புகள் நாளொன்றுக்கு நூற்றெண்பது லீற்றரை வடிகட்டுகின்றன. புகை இல்லை, விறகு இல்லை. அது நின்றுபோனால் அதே வேலைக்கு ஆளுயர மெஷின் ஒன்று வேண்டும். இடைவிடாத மின்சாரம் வேண்டும். உப்பெல்லாம் நீக்கிய சுத்தத் தண்ணீர் ஒரு தடவைக்கு நூற்றியிருபது லீற்றர் வேண்டும். கிழமைக்கு மூன்று நாள், நான்கு நான்கு மணித்தியாலம். அந்த மெஷினுக்காக ஏற்கெனவே எத்தனையோ பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"உப்பைக் குறைத்தால் மெஷினை இரண்டு வருஷமாவது தள்ளிப் போடலாம்" என்று டொக்டர் சொல்லியிருந்தார். உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் தங்கிவிடும். முதலில் காலில் தங்கும், பிறகு வயிற்றில், பிறகு நெஞ்சில். ஜீவராணி இதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பத்துத் தடவை சொன்னாள். அப்பா உயிரோடு இருப்பதும் இல்லாததும் உப்புச் சிரட்டையில்தான் இருக்கிறது என்றும் சொன்னாள். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னாள். வேறு எப்படிச் சொல்வது?

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. காளியாயி அவருக்கென்று தனிச் சட்டி வைத்து, ஒரு கல் உப்பும் போடாமல் சமைத்தாள். அழகுமுத்து இரண்டு வாய் வைப்பார், எழுந்து போய்விடுவார். மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது என்பார். இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தது. தட்டில் சோறு அப்படியே மிஞ்சுவதைப் பார்த்துக் காளியாயி அழுவாள். தை மாதம் பிறந்த பிறகு என்னவோ மாறியது. மனிதர் தட்டை வழித்துச் சாப்பிட ஆரம்பித்தார். முகம் தெளிந்தது. வார நாள்களில் ஹட்டனில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும் ஜீவராணிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. நாக்கு பழகிவிட்டது என்று நினைத்தாள்.

ஆனால் கிளினிக்கில் வேறு கதை. மாசியில் பிரஷர் ஏறியிருந்தது. பங்குனியில் கால் வீங்கியது. சித்திரையில் டொக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா லுணு கனவா நேத?" என்று சிங்களத்தில் ஜீவராணியிடம் கேட்டார். அப்பா உப்புத் தின்கிறார், இல்லையா? கடைகளில் உப்புக்குத் தட்டுப்பாடு வந்து நாடே தேடிக்கொண்டிருந்த நேரம் அது. "ஊரில் இல்லாத உப்பெல்லாம் இவர் உடம்பில் இருக்கிறது" என்று சிங்களத்தில் சொல்லி அவர் சிரித்தபோது, ஜீவராணிக்கு அவமானத்தில் முகம் சுட்டது. அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே அவள் முடிவு கட்டிவிட்டாள், அப்பா திருட்டுத்தனம் செய்கிறார் என்று. தலையணை உறையைக் கழற்றியது அந்தக் கிழமைதான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது. அழகுமுத்துவுக்கு மூச்சு வாங்குகிறது. லயத்து வரிசை வீட்டு ஆள்கள் சேர்ந்து திரீவீலரில் நுவரெலியாவுக்குக் கொண்டு போகிறார்கள். ஜீவராணி போய்ச் சேர்ந்தபோது அவரை வார்ட்டில் சேர்த்து ஒக்சிஜன் வைத்திருந்தார்கள். நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். காளியாயி இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாங்கிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் மகளோடு வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சோறு அவருக்கு இறங்கவில்லையாம். நாளைக்கு வீட்டிலிருந்து சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பதே வழி நெடுக அவள் பேச்சு.

வியாழக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் வந்த ஜீவராணி, அம்மா சமைப்பதைப் பார்த்தாள். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அப்பாவுக்குத் தனிச் சட்டி. அதற்கு மேல் அவள் என்றைக்கும் கவனித்ததில்லை. இன்றைக்குக் கவனித்தாள். பெரிய சட்டியில் போஞ்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தது. காளியாயி உப்புச் சிரட்டையிலிருந்து அள்ளி அதில் போட்டாள். கிளறினாள். பிறகு அதிலிருந்தே மூன்று அகப்பை அள்ளிச் சின்னச் சட்டியில் ஊற்றினாள்.

"அம்மா! உப்புப் போட்டதுலேருந்து எடுக்குறீங்க!"

"ஆமா. இரு, இன்னும் முடியல."

காளியாயி சின்னச் சட்டியில் ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். அடுப்புக்குள் நாலு மிலாறைத் தள்ளினாள். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து பொறுக்கிக் கட்டித் தலையில் சுமந்து வந்த அந்தக் குச்சிகள் படபடவென்று எரிந்தன. சட்டி கொதித்து, ஆவி மேலே போய், தண்ணீர் சுண்டியது. மறுபடி ஒரு கோப்பை ஊற்றினாள். மறுபடி சுண்டியது.

"இது ரெண்டாந் தண்ணி" என்றாள். "மூணாந் தண்ணியும் சுண்டிருச்சுன்னா உப்பு மொத்தமும் ஆவியோட போயிரும். ருசி மட்டும் நிக்கும். பாவம், வெறுஞ் சப்புன்னு எப்பிடித் திம்பாரு?"

ஜீவராணியின் வாயில் பற்பசை நுரை அப்படியே இருந்தது. அதைத் துப்பவும் தோன்றவில்லை.

"யாரும்மா ஒங்களுக்கு இப்பிடிச் சொன்னது?"

காளியாயி மகளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் இருந்தது பெருமை. ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்ட தாய்க்கு, படித்த மகள் மேல் இருக்கும் பெருமை.

"நீதானே சொன்ன! மறந்துட்டியா? தைப்பொங்கலுக்கு முன்னுக்கு, ஸ்கூல்ல யாரோ பெரியவங்க பாடம் பாக்க வாராங்கன்னு இங்க நின்னு பாடம் நடத்திப் பாத்தியே. 'கொதிக்க வைத்தால் உப்பையும் நீரையும் பிரிக்கலாம்'னு. நான் ஒங்கிட்டத் திருப்பிக் கேட்டேனே, கொதிக்க வெச்சா உப்பு பிரிஞ்சிருமான்னு. ஆமாம்மா, பிரிஞ்சிரும்னு சொன்னியே."

நினைவு வந்தது. எல்லாம் வந்தது. அம்மா லீக்ஸ் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாடம் பார்க்க வரும் ஆலோசகர் முன்னால் தடுமாறக் கூடாதே என்ற பயத்தில் ஜீவராணி அம்மாவையே வகுப்பாக வைத்துப் பாடம் ஒப்பித்துப் பார்த்தாள். அம்மா கேட்ட கேள்வி காதில் விழுந்தது. கையில் இருந்த குறிப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். பிரிந்துவிடும் என்றாள். எது போகும், எது நிற்கும் என்று சொல்லவில்லை. போவது தண்ணீர், நிற்பது உப்பு. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பாள். கேட்டது அம்மாதானே என்று விட்டுவிட்டாள்.

"தண்ணிய வடிச்சுக் கொட்டுனீங்களாம்மா?" என்று கேட்டாள்.  வடித்துக் கொட்டியிருந்தால் பாதி உப்பாவது அந்தத் தண்ணீரோடு வெளியே போயிருக்கும்.

"சே, வடிச்சா சத்து போயிருமே. ஒரு சொட்டு வீணாக்கினதில்ல."

கொதிக்க வைத்தால் கெட்டதெல்லாம் போய்விடும் என்பதுதான் அந்த லயத்துப் பெண்கள் எல்லோருக்கும் மருத்துவிச்சி அம்மா படித்துப் படித்துச் சொல்லிவைத்த பாடம். ஓடைத் தண்ணீரில் இருக்கும் கிருமி போகும், பிள்ளைகளின் வயிற்றோட்டம் போகும். நெருப்பைத் தாண்டி எந்தக் கேடும் நிற்காது என்று நம்பிய மனதில், மகளின் பாடம் போய் ஒட்டிக்கொண்டது. படித்தவர்கள் இரண்டு பேர் சொன்னதைத்தான் காளியாயி ஒரு எழுத்து பிசகாமல் செய்தாள்.

மூன்றாம் தண்ணீரும் சுண்டியது. காளியாயி சட்டியை இறக்கினாள். ஜீவராணி ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பெரிய சட்டிக் கறியைவிடக் கரித்தது.

"எப்பிடி? உப்பு போயிருச்சா?"

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அம்மாவின் கண்கள் புகையில் சிவந்திருந்தன. "நேரமாச்சும்மா, பஸ் போயிரும்" என்று மட்டும் சொல்லிச் சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். "ரெண்டு நாளா தூங்காம இருக்கீங்க. இன்னிக்கு நான் மட்டும் போறேன்."

தலவாக்கலையில் பஸ் மாறும்போது, பாத்திரத்தைத் திறந்து, நிலையத்துக்குப் பின்னால் இருந்த சாக்கடைக் கானில் கொட்டினாள். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். சோற்றைக் கொட்டுகிறாளே என்று ஒரு கிழவர் வாய்விட்டே சொன்னார். ஜீவராணி காலிப் பாத்திரத்தை மூடிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள்.

நுவரெலியா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்றாலும் மனம் கணக்குப் போட்டது. படித்த படிப்பு சும்மா இருக்க விடுமா? குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்க ஒரு பங்கு வெப்பம் என்றால், கொதிக்கிற அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க இன்னும் ஆறேழு பங்கு வேண்டும். தண்ணீர்த் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பிடியை விடுவிக்கத்தான் அவ்வளவு நெருப்பு. அந்த மலையில் தண்ணீர் தொண்ணூற்றைந்து பாகையிலேயே கொதித்துவிடும். உப்பு ஆவியாக வேண்டுமென்றால் ஆயிரத்து நானூறு பாகைக்கு மேல் வேண்டும். எந்த லயத்து அடுப்பிலும் அந்தச் சூடு இல்லை. அப்பா முப்பத்தொரு வருஷம் விறகு போட்ட பெக்டரி அடுப்பிலும் இல்லை. வேளைக்கு மூன்று கோப்பை, நாளுக்கு இரண்டு வேளை, தையிலிருந்து நான்கு மாதம். புகைக்கிற மண் அடுப்பில் ஒரு லீற்றரை ஆவியாக்க ஒரு கிலோ மிலாறுக்குக் குறையாது. எப்படிப் போட்டாலும் நூற்றைம்பது கிலோவுக்குக் குறையவில்லை. காளியாயியின் எடை நாற்பத்திரண்டு கிலோ. கொழுந்து எடுத்து முடித்து, சரிவில் இறங்கிக் குச்சி பொறுக்கி, தன் எடையைப்போல மூன்று மடங்குக்கு மேல் தலையில் சுமந்து, ஒரு மணி உப்பைக்கூட அவளால் துரத்த முடியவில்லை. ஜீவராணி முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

வார்ட்டில் அழகுமுத்து தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. மகளைக் கண்டதும் ஒக்சிஜன் மூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"சாப்பாடு?"

"கொட்டிட்டேன்ப்பா." அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அதுல உப்பு."

 அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் ஜீவராணிக்குச் சந்தேகம் தட்டியது.

"அப்பா. ஒங்களுக்குத் தெரியுமா?"

"அடுப்புக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா புள்ள இது?" மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "முப்பத்தொரு வருசம் கொழுந்துலேருந்து தண்ணிய வெரட்டினவன். தண்ணிதான் போவும். சரக்கு அப்பிடியே நிக்கும். மொதல்ல அவ தெரிஞ்சே ஒரு கல்லு உப்பு போடுறா, மனசு கேக்காமப் போடுறான்னு நெனச்சேன். பொறகு ஒரு நா அடுப்படியில பாத்தேன். மூணு தண்ணி வெக்கிறா. அப்பத்தான் வெளங்குச்சு."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொல்லத்தான் போனேன். வேர்க்க விறுவிறுக்கத் தட்டக் கொண்டாந்து வெச்சுட்டு, போயிருச்சா பாருங்கன்னு கேட்டா. மொகத்துல அம்புட்டுச் சந்தோசம். போயிருச்சு காளின்னுட்டேன்." கொஞ்ச நேரம் மூடியை வைத்து மூச்சு எடுத்தார். "ருசியாவும் இருந்துச்சு. அதையும் சொல்லணும்ல. ரெண்டு மாசம் சப்புன்னு தின்னுட்டு, மறுபடி வாயில உப்பு பட்டப்ப எனக்கு அழுகையே வந்திருச்சு. சாவுறது எப்பிடியும் சாவுறதுதானேன்னு தோணிப்போச்சு."

"நான் திட்டுனப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே! தலையணையெல்லாம் கழத்திப் போட்டேனே!"

"சொன்னா அவளத்தானே திட்டுவ."

ஜீவராணிக்கு அவர் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகம் வாடக் கூடாதென்று ஒருவர், தன்னை மட்டும் நடுவில் நிறுத்திவிட்டார்களே என்று கோபம். அந்தக் கோபத்தோடேயே அவருடைய வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டாள். தேய்த்துவிட்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னாள். அவர் கையை மட்டும் அசைத்தார்.

"ராணி. அவகிட்டச் சொல்லிறாத. தண்ணிதான் போச்சு, உப்பு நின்னுச்சுன்னு அவளுக்குத் தெரியக் கூடாது. தன் கையால போட்டேன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

"நாளக்கி அம்மா கேட்டா நான் என்னப்பா சொல்றது?"

"நீ டீச்சரு. ஏதாச்சும் சொல்லு."

வெள்ளிக்கிழமை அவரை மெஷினில் போட்டார்கள். நான்கு மணித்தியாலத்தில் இரண்டரை லீற்றர் தண்ணீர் எடுத்தார்கள். கால் வற்றியது. கணுக்கால் எலும்பு தெரிந்தது. காளியாயி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். சனிக்கிழமை காலை, அவள் முகம் கழுவிவிட ஈரத் துணியோடு வருவதற்குள், அழகுமுத்துவின் இதயம் நின்றுவிட்டது. சிறுநீரகம் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது, இதயமும் பலவீனம், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்றார் டொக்டர். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு ஜீவராணி ஆறுதல் தேடிப் பார்த்தாள். அது அவள் பிடிக்குள் நிற்கவில்லை.

பெக்டரிக்கு மேலே இருக்கும் இடுகாட்டில் அவரைக் கொண்டுபோய் அடக்கினார்கள். கூட வேலை செய்தவர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் பகல் சாப்பாட்டோடு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்கள். லயம் அமைதியாக இருந்தது. காளியாயி வாசலில் குந்தி, பெரிய சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜீவராணி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"ராணி, ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்கம்மா."

"மூணு தண்ணி பத்தாதோ? நாலாந் தண்ணியும் வெச்சிருக்கணுமோ?" தேய்க்கும் கை நின்றது. "சில நாளு பெரட்டுக்குப் போயி பேரு குடுக்க நேரமாச்சுன்னு ரெண்டோட எறக்கியிருக்கேன். வெறகு நனஞ்ச அன்னிக்கெல்லாம் சரியாச் சுண்டாமலே குடுத்திருக்கேன். அதுலதான் உப்பு நின்னுபோச்சா? நாந்தான் அவரக் கொன்னுட்டனா?"

பதினாறு நாளாக அம்மா இதைத்தான் உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள் என்பது ஜீவராணிக்கு அப்போதுதான் தெரிந்தது. உண்மை ஒரே ஒரு வரிதான். அதைப் பிள்ளைகளுக்கு அவள் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள். அந்த வரியில் தன் குற்றமும் இருக்கிறது, அம்மாவின் நான்கு மாதப் பாடும் இருக்கிறது. தன் குற்றத்தை ஏற்றுக்கொள்ள அவள் தயார்தான். ஆனால் மற்றதைத் தொடாமல் அதை மட்டும் எடுத்துச் சொல்ல வழியில்லை.

"இல்லம்மா" என்றாள்.  "ரெண்டு தண்ணியே போதும். உப்பு முழுக்கப் போயிரும். நீங்க செஞ்சதுல ஒரு பிழையும் இல்ல."

"நெசமாவா?"

"நெசமா."

காளியாயி ஒரு பெருமூச்சு விட்டாள். தோள் இரண்டும் இறங்கின. மறுபடி சட்டியைத் தேய்த்தாள். ஜீவராணிக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அப்பா சொன்னதைச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். அப்படி நினைத்து முடிப்பதற்குள் சட்டி தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

"அப்பிடின்னா அந்த உப்பு எங்கேருந்து வந்துச்சு?"

ஜீவராணி தண்ணீர் வாளியைக் கையில் எடுத்தாள். 

"டொக்டரு சொன்னாரே, ஒடம்பு பூரா உப்புன்னு. என் சட்டியில இல்லன்னா..." காளியாயி மெல்ல எழுந்தாள். கையெல்லாம் சாம்பல். "நீ அன்னிக்கே சொன்ன. ஒளிச்சு வெச்சுத் திங்கிறாருன்னு நீ சொன்ன. நாந்தான் நம்பல. அவருக்குப் பரிஞ்சு ஒங்கிட்டச் சண்டைக்கு வந்தேன்."

"அம்மா, அது..."

"திருட்டு மனுசன்!"

அவள் உள்ளே போனாள். மாலை போட்டிருந்த படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "போயிருச்சு காளி, போயிருச்சு காளின்னு என் மொகத்தப் பாத்துச் சொன்னீங்களே. மலையிலேருந்து வெறகு சொமந்து சொமந்து என் கழுத்து போச்சே. என் சோத்தையும் தின்னுட்டு, எனக்குத் தெரியாம எங்க போயித் தின்னீங்க? நான் ஒங்களுக்கு என்ன கொற வெச்சேன்?" செத்த வீட்டில் அழுத அழுகை இல்லை இது. ஏமாந்த பெண்ணின் அழுகை. முப்பத்தாறு வருஷம் ஒரு வார்த்தை கடிந்து பேசாத வாய், இருக்கிற வசவையெல்லாம் அந்தப் படத்தின் மேல் கொட்டியது.

ஜீவராணி தண்ணீர் வாளியோடு வாசலில் நின்றாள். ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வசவுக்கும் நினைத்தாள். சொன்னால் அம்மாவின் உயிரே போய்விடும். சொல்லாவிட்டால் அப்பாவின் பேர் போகிறது. போனவர் இனித் தாங்கிக்கொள்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்காக ஒரு வார்த்தை பேச அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.